கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் ஒரு அரக்குப் பட்டு

சித்தி மகள் கல்யாணப் படங்களை ஆல்பத்துக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. படங்களின் நிறத்தை அமைக்கும் வேலையான கலர் கிரேடிங்கை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள அதையே பாடமாக வைத்துக்கொண்டேன். மண்டபம் கும்பகோணத்தில், முகூர்த்தம் விடியற்காலையில். மேடைக்கு மேலே மஞ்சள் ஸ்பாட் விளக்குகள். பக்கவாட்டில் வீடியோக்காரர் நிறுத்திய வெள்ளை எல்இடி பேனல்கள். நாற்காலி வரிசைகளுக்கு மேலே டியூப்லைட். மேடைப் பின்திரையை ஒட்டி நீலத்திலும் ஊதாவிலும் எல்இடி பட்டைகள். நடுவில் ஹோம நெருப்பு. தாலி கட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயிலும் வந்து சேர்ந்துகொண்டது. இத்தனை வெளிச்சமும் ஒரே பிரேமில் இருக்கும் படங்கள் பாதிக்கு மேல்.

படங்களைத் திருத்தப் பயன்படுத்திய மென்பொருள் டார்க்டேபிள். இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும், 2009 முதல் இருக்கிறது. லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும். லைட்ரூமில் 2020 அக்டோபரில் பழைய ஸ்பிளிட் டோனிங்கை (நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிச் சாயல் கொடுப்பது) எடுத்துவிட்டு ஷேடோ (நிழல்), மிட்டோன் (நடுத்தர வெளிச்சம்), ஹைலைட் (பிரகாசமான பகுதி) என்று நிறச் சக்கரங்களோடு கலர் கிரேடிங் பேனலை வைத்தார்கள். டார்க்டேபிளில் அந்த வேலையைச் செய்வது கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி என்ற மாட்யூல் (மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு கருவி).

படத்தில் தப்பாக விழுந்த நிறத்தைச் சரிசெய்வது கரெக்ஷன். சரியான நிறத்தின் மேல் நமக்குப் பிடித்த சாயலை ஏற்றுவது கிரேடிங். சினிமாக்காரர்கள் டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்று மொத்தமாகச் சொன்னாலும், அங்கேயும் கலரிஸ்ட் முதலில் ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போக வைத்துவிட்டுத்தான் சாயலுக்கு வருவார். வீடியோ பாடங்கள் பலவும் இரண்டாவதில் தொடங்கி இரண்டாவதிலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு முக்கால்வாசி நேரம் முதலாவதில்தான் போனது, அதனால் இந்தப் பதிவிலும் அதுதான் அதிகம்.

திரையும் அறையும்

உட்காருவதற்கு முன் லேப்டாப்பில் ராத்திரி நேர மஞ்சள் வடிகட்டியை அணைத்தேன். அது ஓடிக்கொண்டிருந்தால் நாம் தள்ளும் ஒவ்வொரு ஸ்லைடரும் பொய். திரையின் வெளிச்சத்தையும் குறைத்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை இறக்கினால் போதும். கேலிபரேஷன் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இது ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

டார்க்டேபிளில் கண்ட்ரோலையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டமும் அதற்கு வெளியே நடுத்தரச் சாம்பல் பின்னணியும் வரும். நிறம் பார்க்கும்போது இதை விடாமல் போட்டு வைத்தேன். கண் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. சுற்றிலும் கறுப்பாக இருந்தால் படம் வெளிச்சமாகத் தெரிந்து நாம் மேலும் இருட்டாக்கிவிடுவோம். வெள்ளைச் சட்டம் இருந்தால் படத்திலுள்ள வெள்ளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் சட்டென்று பிடிபடும்.

கோப்புகள் எல்லாம் 14 பிட் ரா, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு சேனலுக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் 256தான். மேடைக்குப் பின்னாலிருந்த வெளிர் சுவரை ஜேபெக்கில் கொஞ்சம் இழுத்தாலே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. ராவில் அதே இழுப்பு சத்தமில்லாமல் போனது. மாமா போனில் எடுத்துக் கொடுத்த ஜேபெக் படங்களைப் பெரிதாகத் தொடாமல் வைத்துவிட்டேன்.

எந்த வெள்ளை வெள்ளை?

ஒயிட் பேலன்ஸுக்கு, அதாவது விளக்கின் நிறச் சாய்வைக் கழித்து வெள்ளையை வெள்ளையாக்க, பிக்கரை (படத்தில் ஒரு இடத்தின் நிறத்தை எடுக்கும் கருவி) எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. படத்தில் நடுநிலையான ஒரு சாம்பலோ வெள்ளையோ வேண்டும். கல்யாண வீட்டில் வெள்ளைக்கா பஞ்சம் என்று தோன்றும். தேடினால் ஒன்றுகூட உருப்படியாகத் தேறவில்லை.

மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெள்ளையில்லை, சந்தன வெளிர். அதில் பிக்கரை வைத்தால் மென்பொருள் அந்த மஞ்சளைக் கழிக்கப் பார்க்கும், மேடை முழுக்க நீலம் பாயும். பெரியவர்களின் பருத்தி வேட்டி நேர் எதிர்: நீலம் போட்டு அலசியது. அதை வெள்ளை என்று சொல்லிக்கொடுத்தால் படம் மஞ்சளடிக்கும். சலவைத் தூளில் இருக்கும் வெளுப்பான்கள் புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும் என்பதால், ஜன்னல் வெயிலில் இருக்கும் வேட்டியும் எல்இடிக்குக் கீழே இருக்கும் அதே வேட்டியும் வேறு வேறு வெள்ளை. எவர்சில்வர் குடம் சுற்றியிருப்பதையெல்லாம் பிரதிபலிக்கிறது. ஹோமப் புகையையும் நம்ப முடியாது. இருட்டுப் பின்னணியில் மெல்லிய புகை நீலமாகத்தான் தெரியும். மல்லிகைப் பூ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் விடியற்காலைக்குள் அதுவும் பழுப்பேறத் தொடங்கிவிடுகிறது.

முகூர்த்தத்துக்கு முன்பே மேடையில், நாற்காலி வரிசையில், ஜன்னலோரத்தில் என்று ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். 18 சதவீதச் சாம்பல் அட்டை, விலையும் அதிகமில்லை. டார்க்டேபிளில் ஒயிட் பேலன்ஸ் மாட்யூலை கேமரா ரெஃபரன்ஸில் விட்டுவிட்டு, உண்மையான திருத்தத்தைக் கலர் கேலிபரேஷன் மாட்யூலில் செய்ய வேண்டும். இந்த ஏற்பாடு முதலில் குழப்பும். சாம்பல் அட்டைப் படத்தைத் திறந்து, அதில் பிக்கரால் அட்டையின் மேல் ஒரு கட்டம் இழுத்தேன். மேடை வெளிச்சம் 3000 கெல்வினுக்குப் பக்கம் வந்தது (எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). நாற்காலிப் பகுதியின் டியூப்லைட் 6000-த்தைத் தாண்டியது. அந்த அமைப்பை நகலெடுத்து அந்தந்த வெளிச்சத்துப் படங்களில் ஒட்டியதும் ஆல்பத்தில் பாதிப் படங்கள் கண்ணியமாகிவிட்டன.

ஆனால் தொடர்ச்சியாகத் தட்டிய படங்களில் ஒன்று பச்சையாக, அடுத்தது கொஞ்சம் சிவப்பாக என்று மாறி மாறி வந்தது ஏன்? நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். ஏறும்போது ஒரு நிறம், இறங்கும்போது வேறு நிறம். ஷட்டர் 1/250 நொடி என்று வேகமாக இருந்தால் அந்தச் சுற்றில் ஒரு துண்டுதான் சிக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும். பந்தி படங்களில் வேகம் வேண்டியிருந்ததால் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஒரே பிரேமில் இரண்டு வெளிச்சம்

மேடையைச் சரிசெய்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நீலம். அவர்களைச் சரிசெய்தால் மணமக்கள் பூசணிக்காய் நிறம். இதற்குக் கலர் கேலிபரேஷனை இரண்டு முறை போட வேண்டும். முதலாவதில் மேடையைச் சுற்றி ஒரு நீள்வட்ட மாஸ்க் (திருத்தம் எந்த இடத்தில் மட்டும் விழ வேண்டும் என்ற எல்லை) வரைந்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, மேடைச் சாம்பல் அட்டையின் அளவைக் கொடுத்தேன். இரண்டாவதில் ராஸ்டர் மாஸ்க் என்ற வசதி மூலம் முதலாவதின் மாஸ்க்கையே எடுத்துத் தலைகீழாக்கி, டியூப்லைட் அளவைக் கொடுத்தேன். ஒரே மாஸ்க்கின் இரண்டு பக்கங்கள் என்பதால் எந்த இடத்திலும் இரட்டைத் திருத்தம் விழாது.

முழுசாகச் சரிசெய்ய வேண்டியதில்லை என்பதையும் இங்கேதான் பார்த்தேன். பின்வரிசையைச் சுத்தமான வெள்ளைக்குக் கொண்டுவந்ததும் படம் வெட்டி ஒட்டியது போல் ஆனது. மேடை மஞ்சளாகவும் பின்னால் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருப்பதுதான் மண்டபம். மாஸ்க்கின் ஒபாசிட்டியை, அதாவது திருத்தத்தின் அடர்த்தியை, பாதிக்குக் குறைத்ததும் இயல்பாக உட்கார்ந்தது.

நீல, ஊதா எல்இடி தனித் தலைவலி. அது ஏறக்குறைய ஒற்றை நிற வெளிச்சம். அது மட்டும் பட்ட இடத்தில் சிவப்பு, பச்சை சேனல்களில் தகவல் மிகக் குறைவு. எந்த ஸ்லைடரும் அங்கே தோல் நிறத்தை வரவழைக்காது. கலர் கேலிபரேஷனில் இருக்கும் கேமட் கம்ப்ரஷனை (எல்லை மீறிய நிறங்களை உள்ளே இழுக்கும் அமைப்பு) கூட்டியதும் அந்த நீலத்தின் ஓரங்களில் இருந்த கரடுமுரடான திட்டுகள் அடங்கின. மற்றபடி, பெண்ணின் இடது கன்னத்திலும் முடியிலும் படிந்த நீலத்தைக் கலர் ஈக்வலைசரில் நீலத்தின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) இறக்கி மட்டுப்படுத்தினேன். படம் முழுக்க இறக்கினால் பின்னால் நிற்கும் அத்தையின் மயில்கழுத்துப் பட்டும் சேர்ந்து செத்துவிடுகிறது. அதனால் கன்னத்தைச் சுற்றி வரைந்த மாஸ்க்குக்குள் மட்டும் அதைச் செய்தேன்.

கறுத்த தோலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வியர்வையில் பளபளக்கும் நெற்றி விளக்கின் நிறத்தை அப்படியே திருப்பியடிக்கும். தோலின் சொந்த நிறம் அந்தப் பளபளப்பில் கலப்பதில்லை. அடியிலிருக்கும் நிறம் ஆழமாக இருப்பதால் மேலே விழும் நீலம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

அரக்கு

முதல் சுற்றுப் படங்களைச் சித்தியிடம் காட்டினேன். "ஏண்டா, கூறைப் புடவை அரக்குல எடுத்தோம். இது செங்கல் கலர்ல இருக்கே?" என்றார். சாம்பல் அட்டைப்படி எல்லாம் சரி. வேட்டி வேட்டியாக இருக்கிறது, சுவர் சுவராக இருக்கிறது, புடவை மட்டும் பழுப்பாக, உயிரில்லாமல் இருந்தது.

பட்டுக்கடைக்குப் போகும் நம்மூர்ப் பெண்கள் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார்களே, அதே விஷயம்தான் இது. விளக்கு வெள்ளையாகத் தெரிவது வேறு, அதில் எல்லா நிறமும் இருப்பது வேறு. மலிவான வெள்ளை எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சிஆர்ஐ 80 என்று டப்பாவில் போட்டிருந்தாலும், ஆழ்ந்த சிவப்பைத் தனியாக அளக்கும் ஆர்9 என்ற எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். சிஆர்ஐ-யின் பொது எண்ணைக் கணக்கிடும் எட்டு நிற மாதிரிகளில் ஆர்9 சேராது. வீடியோக்காரரின் பேனலில் இல்லாத சிவப்பு, புடவையிலிருந்து கேமராவுக்கு எப்படி வரும்? ஒயிட் பேலன்ஸ் சாம்பலைத்தான் சரிசெய்யும், வராத நிறத்தைக் கொண்டுவராது.

இங்கே ஜன்னல் வெயில் உதவியது. ஆசீர்வாதம் வாங்கும்போது பெண் ஜன்னலோரம் நின்ற படங்களில் புடவை அசல் அரக்காக விழுந்திருந்தது. அதை ரெஃபரன்ஸாக வைத்து, ஸ்னாப்ஷாட் வசதியில் பக்கத்தில் நிறுத்தி, மேடைப் படங்களின் புடவையை அதை நோக்கி நகர்த்தினேன். கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியை இன்னொரு முறை சேர்த்து, அதற்கு ஒரு பாராமெட்ரிக் மாஸ்க் (நிறத்தை வைத்து இடத்தைப் பிடிப்பது): ஹியூவில் (நிறத்தின் வகையில்) சிவப்புப் பகுதியை மட்டும் முக்கோணக் குறிகளால் அடைத்துக்கொண்டேன். மாஸ்க்கைக் காட்டச் சொன்னால் படம் கறுப்பு வெள்ளையாகி, பிடிபட்ட இடம் மஞ்சளாகத் தெரியும். புடவையோடு குங்குமம், உதடு, ஹோம குண்டத்துச் செங்கல் எல்லாம் சேர்ந்து பிடிபட்டன. வரைந்த மாஸ்க் ஒன்றையும் சேர்த்துப் புடவைக்குள் அடக்கிய பிறகு, ஹியூவைக் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ளி, பிரகாசத்தை இறக்கினேன். சாச்சுரேஷனை ஏற்றவே இல்லை. அரக்கு ஆழமான நிறம். அதை ஏற்றினால் தக்காளியாகும், இறக்கி இருட்டாக்கினால்தான் அரக்காகும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்பாட் விளக்கு நேராக விழுந்த மடிப்புகளில் சிவப்பு சேனல் மட்டும் உச்சத்தில் முட்டிக்கொண்டிருந்தது. சாதாரண ஹிஸ்டோகிராமின் வெளிச்ச அளவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று சேனல்களையும் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி பரேடை வைத்தால்தான் சிவப்புத் தூண் கூரையில் ஒட்டி நிற்பது தெரியும். அப்படி நின்றால் பட்டின் நெசவு, மடிப்பின் ஓரம் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாக உருகிவிடும். எக்ஸ்போஷரை இறக்கி, இருண்ட பகுதிகளை டோன் ஈக்வலைசரில் தூக்கியதும் மடிப்புகள் திரும்பி வந்தன.

ஜரிகை வேறு ஜாதி. அதற்கு ஒரு நிறம் என்று கிடையாது. வெளிச்சம் பட்ட இழை வெள்ளை, பக்கத்து இழை மஞ்சள், நிழலில் இருப்பது பழுப்பு. மொத்தமாகச் சாச்சுரேஷன் ஏற்றினால் எல்லா இழையும் ஒரே ஆரஞ்சாகி, பிளாஸ்டிக் சரிகை போல் ஆகிவிடும். ஹைலைட்டில் குரோமாவை (நிறத்தின் அடர்த்தியை) குறைத்து, மிட்டோனில் மட்டும் சிறிது கூட்டினால் உலோகம் உலோகமாக மின்னுகிறது. மேடையில் இருந்த நகை, குத்துவிளக்கு எல்லாவற்றுக்கும் இதே வழி.

மஞ்சள் முகம்

தோல் நிறத்துக்கு வெக்டர்ஸ்கோப், அதாவது படத்து நிறங்களின் திசையையும் செறிவையும் ஒரு வட்டத்தில் காட்டும் வரைபடம், நல்ல துணை. பிக்கரால் கன்னத்தில் ஒரு கட்டம் இழுத்து, ஸ்கோப்பை அந்தக் கட்டத்துக்கு மட்டும் என்று சுருக்கினால், நடுவிலிருந்து ஒரு சின்ன மேகம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் நீண்டிருக்கும். மாநிறமோ கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் எல்லாம் ஏறக்குறைய அந்த ஒரே திசையில்தான் விழும். மாறுவது வெளிச்சமும் செறிவும்தான். மேகம் அந்தத் திசையை விட்டுப் பச்சைப் பக்கமோ மெஜந்தா பக்கமோ சாய்ந்தால் திருத்தத்தில் ஏதோ கோளாறு.

ஆனால் நலங்கு முடிந்து மஞ்சள் பூசிய முகத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மேகம் மஞ்சளை நோக்கித்தான் போக வேண்டும். கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் முகம் பிரேமை நிறைக்கும் படங்களில் அந்த மஞ்சளை விளக்கின் குறை என்று நினைத்துக் கழித்துவிட்டிருந்தது. முகம் சாதாரணமாக, பின்சுவர் நீலமாக. சாம்பல் அட்டையின் அளவை ஒட்டியதும் மஞ்சள் திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் முகத்தை வெக்டர்ஸ்கோப்பில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, பெண்ணின் முகத்தை அதன் போக்கில் விட்டேன்.

முகத்தின் வெளிச்சத்தைக் கூட்டவில்லை. ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை ஏற்றி எல்லோரையும் இரண்டு மூன்று ஷேடு வெளுக்க வைத்துத் தருவது ஆல்ப வேலையில் வழக்கமாகவே ஆகிவிட்டது. விலைக்கு விற்கும் பிரிசெட்டுகளில் (தயாராக வரும் நிற அமைப்புகளில்) பலவும் வெளிர் தோலுக்குச் செய்தவை. நம் முகத்தில் போட்டால் கன்னம் சாம்பல் பூத்தது போலாகும். கறுத்த முகத்துக்கு வேண்டியது வெளிச்சத்தில் ஒரு ஏற்ற இறக்கம்: கன்ன எலும்பில் ஒளி, தாடைக்குக் கீழே நிழல். அது இருந்தால் முகம் தானாக எழுந்து நிற்கும்.

சாயல்

இவ்வளவுக்குப் பிறகு கிரேடிங் என்று மிஞ்சியது கொஞ்சம்தான். டோன் மேப்பிங்குக்கு (ராவின் பரந்த வெளிச்ச வீச்சைத் திரைக்குள் அடக்குவது) சிக்மாய்ட் மாட்யூல். பிறகு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியின் 4 வேஸ் பக்கத்தில், நிழல்களுக்கு நீலப்பச்சையை இருக்கிறதா இல்லையா என்ற அளவில் கொடுத்தேன். குரோமா ஸ்லைடர் பூஜ்யத்திலிருந்து நகர்ந்தது தெரிகிற அளவு, அவ்வளவுதான். ஹைலைட்டில் வெதுவெதுப்பான மஞ்சள், அதுவும் துளி. மிட்டோனைத் தொடவில்லை, தோல் இருப்பது அங்கேதான். ஆரஞ்சும் டீலும் (நீலப்பச்சை) கலந்த அந்தப் பிரபலமான சினிமாச் சாயலை ஒரு படத்தில் முழுசாகப் போட்டுப் பார்த்தேன். வாழை இலை நீலமானது. பந்திப் படத்தில் வாழை இலை பச்சையாக இல்லாவிட்டால் சாம்பார்கூடச் சந்தேகமாகத் தெரிகிறது.

சாயல் போதுமா என்று பார்க்க, எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்ப்பேன். உட்கார்ந்தே இருந்தால் கண் பழகிப்போய் இன்னும் இன்னும் என்று கேட்கும். திரும்பி வந்து பார்க்கும்போது சாயல் முதலில் கண்ணில் பட்டால் அதிகம், ஆள் முதலில் கண்ணில் பட்டால் சரி.

சாயலை மட்டும் ஸ்டைலாகச் சேமித்து எல்லாப் படங்களுக்கும் போட்டேன். கரெக்ஷன் அமைப்புகளை அதில் சேர்க்கவில்லை, அவை வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். வரவேற்பில் ஊதா வெளிச்சத்தில் முழுக்க நனைந்த சில படங்களைக் கலர் கேலிபரேஷனின் கிரே பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக்கினேன். அவற்றின் நீல சேனலில்தான் ஏதாவது தகவல் இருந்தது. அதன் பங்கைக் கூட்டியபோது கொஞ்சம் குருணை தெரிந்தாலும் முகங்கள் கிடைத்தன.

அச்சுக்கு எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற வெளி) ஜேபெக்காக ஏற்றுமதி செய்தேன். ஆல்பத்துக்கு முன் நான்குக்கு ஆறு அளவில் சில படங்களை மட்டும் லேபில் கொடுத்து, அவர்கள் பக்கத்தில் ஆட்டோ கரெக்ஷன் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் மஞ்சள் முகத்தை அவர்கள் இயந்திரமும் ஒரு தடவை வெளுத்துவிடும். வந்த பிரிண்ட்டில் அரக்கு சரியாக இருந்தது. தலைமுடியும் மாப்பிள்ளைத் தோழனின் கறுப்புச் சட்டையும் ஒரே இருட்டாகக் கலந்திருந்தன. காகிதம் திரையைப் போல ஒளிவிடாது, நிழலில் வித்தியாசம் குறைந்துதான் தெரியும். டோன் ஈக்வலைசரில் அடி நிழல்களை அரை ஸ்டாப் (வெளிச்ச அளவில் அரைப் படி) தூக்கி, அந்தப் படங்களை மட்டும் மறுபடி ஏற்றுமதி செய்து, ஆல்பத்துக்கு அனுப்பியாயிற்று. செய்த திருத்தங்களைப் பதிந்து வைத்திருக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளை ரா கோப்புகளோடு சேர்த்து இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் வைத்திருக்கிறேன். சீமந்தமும் அதே மண்டபத்தில்தானாம்.